அஸ்ரனுக்கு மீண்ட நால்வர்

2025 ஆம் ஆண்டு யூலை 5 ஆம் நாள், இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில், அஸ்ரன் பகுதியிலுள்ள வில்லா பார்க் உதைபந்தாட்ட அரங்கில் 40,000 வரையான மக்கள் கூடினர். அன்று அங்கு ஆட்டம் எதுவுமில்லை. மெற்றாலிக்கா, கன்ஸ் அன்ட் றோசஸ், ஸ்லேயர், பன்ரெரா முதலாய றொக் இசைக்குழுக்கள் பிற்பகல் தொடங்கி இரவு வரை ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறின. ஏறத்தாழ ஒவ்வொரு குழுவும் தன் பாடல்களோடு பிளாக் சபாத் என்னும் மூத்த குழுவின் பாடலொன்றையேனும் இசைத்துச் சென்றது. இறுதியில் அக்குழுவின் மூலவர் நால்வரும் இருபது ஆண்டுகளின் பின் ஒன்றாகத் தோன்றி நான்கு பாடல்களை இசைத்தனர். பாடகர் ஒஸி ஒஸ்போர்ணுக்கு அப்போது வயது 76. பார்க்கின்சன் நோயினால் நலிவுற்றிருந்த அவர் ஆசனத்தில் அமர்ந்தவாறே பாடினார். பதினேழு நாள்களின் பின், யூலை 22 இல், அவர் காலமானார்.

செய்தித்தாள்கள் இதனை மூப்பின் அவலமாகவும் விடைபெறலின் உருக்கமாகவும் சித்திரித்தன. அது பொய்யன்று. ஆயின், இந்நிகழ்ச்சி ஏன் இலண்டனிலோ நியூயோர்க்கிலோ நடைபெறாது அஸ்ரனில் நடைபெற்றது என வினவுவோமாயின், உருக்கத்துக்கு அப்பாலுள்ள வரலாறு ஒன்று புலப்படும்.

நால்வரும் 1948, 1949 ஆம் ஆண்டுகளிற் பிறந்தவர்கள். அஸ்ரன் தொழிலாளர் தெருக்களில் வளர்ந்தவர்கள். உலகப் போரிற் குண்டுவீச்சுக்கு இரையான வீடுகளின் இடிபாடுகளே அக்காலச் சிறுவரின் விளையாட்டிடங்கள். ஒஸ்போர்ணின் தந்தை இரவு வேலை செய்த கருவித் தொழிலாளி. தாய் மோட்டார் உதிரிப்பாகங்கள் செய்யும் லூக்காஸ் தொழிற்சாலையில் வேலை செய்தார். மகனும் சிலகாலம் அங்கே மோட்டார் ஊதுகுழல்களுக்குச் சுருதி சேர்த்தார். பின்னர் கால்நடை வெட்டுங் களத்திலும் உழைத்தார். வில்லா பார்க் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆட்ட நாள்களில் வெளியே நிறுத்தப்படும் கார்களுக்குக் காவல் நின்று சில்லறை பெற்ற சிறுவர்களுள் அவரும் ஒருவர்.

கிற்றார்க் கலைஞர் ரொனி அயோமியின் கதை இன்னும் கூர்மையானது. பதினேழு வயதில் அவர் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையொன்றிற் பற்றவைக்கும் வேலை செய்தார். இசைக்குழுவொன்றோடு வெளிநாடு செல்ல எண்ணி வேலையை விடும் கடைசி நாளன்று, வராதுபோன வேறொருவரின் இயந்திரத்தில் அவர் நிறுத்தப்பட்டார். பழக்கமில்லாத அவ்வியந்திரம் அவருடைய வலக்கையின் இரு விரல் நுனிகளைத் துண்டித்தது. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்திகளை அழுத்துங் கை அதுவே. தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர் இசைத்தட்டொன்றைக் கொணர்ந்து கேட்கச் செய்தார். தீ விபத்தில் இரு விரல்கள் செயலிழந்தும் கிற்றார் இசையில் மேதையாக விளங்கிய ஜிப்சிக் கலைஞர் ஜாங்கோ றைன்ஹார்ட்டின் இசை அது. அயோமி பிளாஸ்ரிக் போத்தலொன்றை உருக்கித் தம் விரல்களுக்கு உறைகள் செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். மென்மையான தந்திகளைத் தேடினார். 1971 இல் வெளிவந்த மூன்றாம் இசைத்தட்டில் தந்திகளின் சுருதியையும் தாழ்த்தினார். தந்தி தளரவே விரல் நோவு குறைந்தது, ஒலியோ கனத்தது. பின்னாளில் ‘ஹெவி மெற்றல்’ எனப்பட்ட இசையின் அடையாளமாகிய அக்கனத்துக்குத் தொழிற்சாலை விபத்தொன்றும் காரணமாயிற்று.

இவ்விடத்தில் எச்சரிக்கை வேண்டும். அடிப்படைப் பொருளியல் நிலையிலிருந்து கலையை நேராகப் பிழிந்தெடுக்கும் அவசரம் நம்மவரிடையே உண்டு. இயந்திர ஓசை கேட்ட நகரங்கள் பல. அவையெல்லாம் பிளாக் சபாத்தைப் பெற்றெடுக்கவில்லை. 1968 இல் இந்நால்வரும் ஒன்றுகூடி முதலில் வாசித்தது அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையையே. அடிமைகளாயிருந்தோரின் வழித்தோன்றல்கள் ஆக்கிய கலைவடிவம் அஸ்ரன் இளைஞரின் கைக்கு வந்தபோதுதான் அவர்களது அனுபவம் வாய்திறந்தது. விபத்து விரலை மாற்றியது. இசையைப் படைத்தது அம்மரபும் அவர்களது பிடிவாதமுமே.

முதல் இசைத்தட்டு ஒரே நாளிற் பதிவு செய்யப்பட்டு, 1970 பெப்ரவரி 13 இல் வெளியாயிற்று. விமர்சகர்களுட் பலர் அதனை நாகரிகமற்ற இரைச்சலென இகழ்ந்தனர். பேய், சாத்தான் என்ற புறக்கோலத்தைக் கண்டு முகஞ்சுழித்தோரும் உளர். அக்கோலம் வெற்று வேடமே என்பது எமது கருத்து. அதே ஆண்டு வெளிவந்த இரண்டாம் தட்டின் தொடக்கப் பாடல் ‘வோர் பிக்ஸ்’, அதாவது போர்ப் பன்றிகள். வியட்நாமிற் குண்டுகள் பொழிந்த அந்நாளில், போரை மூட்டுவோர் யாவர், மடிவோர் யாவர் என்ற வர்க்க வேறுபாட்டை அது அப்பட்டமாகக் கூறியது. அப்பெயரே தட்டின் தலைப்பாகவும் இருந்திருக்க வேண்டும். வெளியிட்ட கம்பனி ‘பறனோயிட்’ என மாற்றிவிட்டது. ஆயினும் அட்டையில் வாளும் கேடயமும் ஏந்திய உருவம் பொருத்தமின்றி அப்படியே நின்றுவிட்டது!

இவர்களைப் புரட்சியாளராக்க யாம் முற்படவில்லை. 1987 இல், நிறவெறித் தென்னாபிரிக்காவைக் கலைஞர் உலகு புறக்கணித்திருந்த வேளையில், அயோமி தலைமையிலான பிளாக் சபாத் சன் சிற்றியில் இசைத்தது. அப்போது மூலவருள் அவர் ஒருவரே குழுவில் இருந்தார். அச்செயலுக்கு நியாயமில்லை. 2009 இல் குழுவின் பெயர் எவருடைய சொத்து என்று ஒஸ்போர்ண் அயோமிமீது வழக்குத் தொடுத்தார். தாம் கையொப்பமிடத்தக்க ஒப்பந்தம் தரப்படவில்லையெனக் கூறி, முரசுக் கலைஞர் பில் வோர்ட் 2012 இல் விலகினார். இதனால் 2017 பெப்ரவரியில் பேர்மிங்காமில் நடந்த ‘இறுதி’ நிகழ்ச்சி அவரின்றியே முடிந்தது. கூட்டாக ஆக்கிய கலை சொத்தாகியதும் ஆக்கியவருள் ஒருவர் வெளியே நிற்க நேர்ந்தது.

2025 இன் நிகழ்ச்சியை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிடல் வேண்டும். அன்று 77 வயது வோர்ட் முரசின் முன் அமர்ந்திருந்தார். கீஸர் பட்லரின் தாழ்சுருதிக் கிற்றாரும் அயோமியின் உறையிட்ட விரல்களும் ‘வோர் பிக்ஸ்’ பாடலையே முதலில் எழுப்பின. அதே நாளில் ஜேர்மனியின் ஹனோவரில் ஸ்கோர்பியன்ஸ் குழு தன் அறுபதாம் ஆண்டைக் கொண்டாடியது. பேர்மிங்காமை அண்டிப் பிறந்த யூடாஸ் பிறீஸ்ற் குழு அங்கு சென்றிருந்தமையால் சொந்த ஊர் விழாவுக்கு வரவில்லை. முதியோர் கூடும் மேடைகள் இன்று பெருவணிகமாகிவிட்டன. அஸ்ரனிலும் மிக மலிவான நுழைவுச்சீட்டு ஏறத்தாழ 200 பவுண். வருவாய் பார்க்கின்சன் நோய் ஆய்வுக்கும் சிறுவர் மருத்துவமனைக்கும் நோயுற்ற சிறார் இல்லத்துக்குமென ஒதுக்கப்பட்டது. நற்செயலே, ஆயினும் சிறுவர் மருத்துவமனை கச்சேரி வருவாயை எதிர்நோக்கும் நிலை செல்வந்த நாடொன்றுக்குப் பெருமை தருவதன்று.

நால்வரும் திரும்பி வந்த அஸ்ரன் அவர்கள் விட்டுச்சென்ற அஸ்ரன் அன்று. அன்செல்ஸ் மதுவடிசாலை 1981 இல் மூடப்பட்டது. எச்.பி. சோஸ் தொழிற்சாலை 2007 இல் மூடப்பட்டு, உற்பத்தி ஒல்லாந்துக்குச் சென்றது. அவர்கள் இளமையில் வாசித்த மதுச்சாலைகளுள் ஒன்றான ‘கிறவுண்’ 2014 இல் கதவடைத்தது. 2023 இல் நிதி முறிவை அறிவித்த மாநகரசபை, அடுத்த ஆண்டு கலை நிறுவனங்களுக்கான மானியத்தைப் படிப்படியாக முற்றாக வெட்டத் தீர்மானித்தது. அதே சபைதான் 2025 யூன் 28 இல் நால்வருக்கும் நகரின் அதியுயர் கௌரவத்தை வழங்கியது.

குப்பை அள்ளும் தொழிலாளர், பதவியொன்றை ஒழித்துச் சம்பளத்தைக் குறைக்கும் சபையின் திட்டத்தை எதிர்த்து, அவ்வாண்டு மார்ச் 11 முதல் முழு வேலைநிறுத்தத்தில் இருந்தனர். யூலை 30 இல் ஒஸ்போர்ணின் இறுதி ஊர்வலம் புறோட் வீதியூடாக, அக்குழுவின் பெயர் தாங்கிய பாலத்தை அடைந்தபோது பெருந்திரளான மக்கள் வழிநெடுக நின்றனர். ஊர்வலச் செலவைக் குடும்பத்தினரே ஏற்றிருந்தனர். வேலைநிறுத்தம் அன்றும் முடிந்திருக்கவில்லை.