விரல் விட்டால் நிற்கும் விசை

மூன்றாம் வேற்றுமையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் நாம் சற்றே தயங்கி நிற்பதுண்டு. 'வாளால் வெட்டினான்' என்பதிலும் 'தச்சனால் செய்யப்பட்டது' என்பதிலும் வருவது ஒரே 'ஆல்' உருபுதான். முன்னது கருவிப்பொருள், பின்னது கருத்தாப்பொருள். மின்சாரத்தால் இயங்கும் கைக்கருவிகளின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தபோது இவ்வுருபு மீண்டும் நம் நினைவுக்கு வந்தது. விபத்தொன்று நேர்ந்தவுடன் எல்லோரும் கேட்கும் கேள்வி இது: காயம் கருவியால் நேர்ந்ததா, கையாண்டவனால் நேர்ந்ததா? இக்கேள்விக்கு ஒவ்வொரு காலமும் சொன்ன விடையே அக்கருவிகளின் பாதுகாப்பு வரலாறு எனலாம்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் 1895இல் கையில் பிடித்து இயக்கத்தக்க மின்துளைப்பானை உருவாக்கியது. அதன் எடை ஏழரைக் கிலோ. இரு கைகளாலும் பற்றித்தான் அதனை இயக்க இயலும். தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட துரப்பணத்தோடு இதனை ஒப்பிட்டால் ஓர் அடிப்படை வேறுபாடு புலப்படும். பழைய கருவியில் கை ஓய்ந்தால் கருவியும் ஓயும். ஆற்றல் கையிலிருந்தே பிறந்தது. புதிய கருவிக்கோ கையின் ஆற்றல் தேவையில்லை. கை தவறினாலும் அது சுழன்றுகொண்டே இருக்கக்கூடும்.

இழந்துபோன அந்த உறவை மீட்டுத் தந்தது, வியப்பூட்டும் வகையில், ஒரு கொலைக்கருவியின் வடிவம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1910இல் தொழில் தொடங்கிய டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர் என்னும் இருவர், கைத்துப்பாக்கியைப் போன்ற பிடியும் விரலால் அழுத்தும் விசையும் கொண்ட மின்துளைப்பானுக்கு 1917இல் காப்புரிமை பெற்றனர். கோல்ட் கைத்துப்பாக்கியின் அமைப்பே அவர்களுக்குத் தூண்டுதலாயிற்று என்பர். விரல் அழுத்தும்வரை கருவி ஓடும்; விரலை விட்டால் நிற்கும். இயக்குவதும் நிறுத்துவதும் பிடித்த கையின் ஒரு விரலுக்குள் அடங்கின. இன்று கடைகளில் நாம் காணும் துளைப்பான்கள் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களே.

1946இல் அந்நிறுவனம் வீட்டுப் பயன்பாட்டுக்கென மலிவான துளைப்பான்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பட்டறையில் பல்லாண்டு பழகியவன் கையிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கருவி எடுப்பவன் கைக்கு அது மாறிற்று. அதுவரை பாதுகாப்பின் பெரும்பகுதி பழக்கத்தில் இருந்தது. பழக்கமற்றவனுக்கு அதனை எங்கிருந்து தருவது என்னும் சிக்கல் அப்போது எழுந்தது.

'விட்டால் நிற்கும்' என்னும் ஏற்பாட்டில் ஒரு பெரும் ஓட்டை இருந்தது: கையால் விட முடியாத தருணமும் உண்டு. அக்காலக் கருவிகளின் உடல் உலோகத்தாலானது. உள்ளே கம்பியின் உறை கிழிந்து உடலைத் தொட்டால், பற்றியிருக்கும் கையின் வழியே மின்சாரம் பாயும். மாறுமின்னோட்டம் முன்கைத் தசைகளை இறுகச் செய்கிறது. விரலை விரிக்கும் தசைகளைவிட மடக்கும் தசைகள் வலியவை. ஆதலால் கை கருவியை மேலும் இறுக்கிப் பிடிக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் இதனைத் தன்னார்வலர்களைக் கொண்டு அளந்தறிந்தார். ஒருவர் தம் விருப்பப்படி கையை விடக்கூடிய மின்னோட்டத்தின் மேல்வரம்பு, சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். ஒரு சிறிய மின்விளக்கு எரியத் தேவைப்படும் அளவைவிட இது குறைவு. எச்சரிக்கைப் பலகை எதுவும் இங்கு உதவாது. விடவேண்டும் என்று அறிந்த மனிதனாலேயே விட முடியவில்லை!

கையால் இயலாததைச் சுற்றமைப்பே செய்யட்டும் என்பது டால்சியல் கண்ட முடிவு. 1961இல் அவர் உருவாக்கிய மின்கசிவுத் துண்டிப்பான், போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். சுமார் 5 மில்லி ஆம்பியர் வேறுபாடு தோன்றினால், கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். நம் வீடுகளில் பொருத்தப்படும் ஆர்.சி.சி.பி. இதே தத்துவத்தில் இயங்குவது. அதன் வழக்கமான அளவு 30 மில்லி ஆம்பியர். கருவியின் உடலும் மாறியது. மின்காப்பு இரண்டு அடுக்காயிற்று. சதுரத்துக்குள் சதுரமாக அச்சிடப்பட்டிருக்கும் சிறு குறி அதனைச் சுட்டுவதே. அக்குறியுள்ள கருவிக்கு எர்த் கம்பி தேவையில்லை.

துப்பாக்கியிடமிருந்து கடன் வாங்கிய விசை பின்னர் தன் பழைய இயல்புக்கே திரும்பிய கதையும் உண்டு. ஆணித் துப்பாக்கியும் மின் ஸ்டேப்ளரும் உண்மையாகவே எய்யும் கருவிகள். ஆணித் துப்பாக்கியில் இருவகை விசைகள் உள்ளன. ஒருவகையில் முனையை மரத்தில் அழுத்தி, பின் விசையை இழுக்க வேண்டும். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டு மீண்டும் தொடங்க வேண்டும். மற்றதில் விசையை அழுத்தியபடியே முனையால் தட்டித் தட்டிச் செல்லலாம். தட்டும்தோறும் ஆணி பாயும். வேகம் கருதி விரும்பப்பட்டது இரண்டாவது. பின்னுதைப்பில் முனை எதிர்பாராமல் மீண்டும் பட்டாலும், ஏணியில் இறங்கும்போது தொடையில் இடித்தாலும் அது எய்துவிடும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2007இல் வெளியிட்ட கணக்கின்படி, 2001 முதல் 2005 வரை ஆண்டுதோறும் சுமார் 37,000 பேர் ஆணித் துப்பாக்கிக் காயங்களோடு அந்நாட்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தனர். அவர்களுள் 40 விழுக்காட்டினர் பணியாளர் அல்லாத நுகர்வோர். தட்டி எய்யும் விசையில் காய அபாயம் இருமடங்கு என ஆய்வுகள் காட்டின. 2011இல் அந்நாட்டு அரசு அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டியின் முதல் அறிவுரை, ஒவ்வோர் ஆணிக்கும் விட்டுத் தொடங்கும் விசையையே பயன்படுத்துக என்பதாகும். விடுதலைக் கட்டாயமாக்கியதே அதன் சிறப்பு.

நம் ஊர்ப் பணியிடங்களுக்கு வருவோம். பிளக் இல்லாத கம்பி முனைகளைத் தீக்குச்சி கொண்டு துளையில் செருகுவதையும், வெட்டும் கருவியின் காப்புத் தகட்டைக் கழற்றி எறிவதையும், விசையை நாடாவால் கட்டிவைப்பதையும் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். இவை ஒவ்வொன்றும் நூறாண்டு அறிவை ஒரு நிமிடத்தில் அழிக்கும் செயல்கள். ஸ்டேப்ளரில் பின் சிக்கினால் முதலில் பிளக்கைப் பிடுங்குக, பின் பாயும் திசையில் மற்றொரு கையை வைக்காதீர், கண்ணாடி அணிக, சுழலும் கருவியருகே தளர்ந்த ஆடையும் துணிக் கையுறையும் ஆகா. இவ்விதிகள் எல்லாம் யாரோ ஒருவர் விரலையோ கண்ணையோ இழந்த பின் எழுதப்பட்டவை.

நம் கேள்விக்கு மீள்வோம். காயம் கருவியாலா, கருத்தாவாலா? 'கவனமாக இருந்திருக்கலாமே' என்று தொழிலாளியை மட்டும் நொந்துகொண்டிருந்தால் டால்சியலின் துண்டிப்பான் பிறந்தே இராது. மனிதக் கை களைக்கும், பதறும், சில வேளை இறுகிப்போகும் என்பதை ஒப்புக்கொண்ட இடத்தில்தான் நல்ல கருவி பிறந்தது. அப்படிப் பிறந்த கருவியின் காப்பைக் கழற்றும் கையோ, தானே கருத்தாவாகிவிடுகிறது. அப்போது 'ஆல்' உருபு நம் பெயரோடுதான் ஒட்டும்.