ஊர்ல ஓட்டு, பெங்களூருல வாழ்க்கை: கட்சியை எடை போடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

2023 மே மாதம் கர்நாடக சட்டமன்றத் தேர்தல். பெங்களூரு ஜெயநகர் தொகுதியில் மறு எண்ணிக்கைக்குப் பிறகு நள்ளிரவு நெருங்கும்போதுதான் முடிவு வந்தது. பாஜகவின் சி.கே.ராமமூர்த்தி, காங்கிரஸின் சௌமியா ரெட்டியை வெறும் 16 வாக்குகளில் தோற்கடித்தார்.

அடுத்த ஆண்டு ஜூலை 4. பிரிட்டன் பொதுத்தேர்தல். வடமேற்கு லண்டனின் ஹெண்டன் தொகுதியில் லேபர் கட்சி, கன்சர்வேட்டிவ் கட்சியை 15 வாக்குகளில் வென்றது.

16, 15. இரண்டுமே ஒரு டெம்போ டிராவலரில் அடங்கிவிடுகிற கூட்டம்.

பெங்களூருல வேலை பார்க்கிற தமிழர்கள் பலருக்கு இந்தக் கணக்கில் ஒரு சங்கடம் இருக்கு. வாடகை, வருமான வரி, தண்ணீர் டேங்கர், டிராஃபிக் எல்லாம் இங்கே. வாக்காளர் அட்டை மட்டும் சேலத்திலோ தூத்துக்குடியிலோ. தேர்தல் வந்தால் 'எந்தக் கட்சி பரவாயில்லை?' என்று ஆபீஸ் கேன்டீனில் ஒரு மணி நேரம் பேசுவோம். வாக்குப்பதிவு நாளில் லீவும் இருக்காது, பஸ் டிக்கெட்டும் இருக்காது.

கட்சியை எடை போடுவதற்கு ஒரு வரிசை இருக்கு. முதலில் தொகுதி, அப்புறம் கட்சி, அப்புறம் வேட்பாளர். ஏன் இந்த வரிசை என்று பார்ப்போம்.

ஏன் முதலில் தொகுதி?

இந்தியாவும் பிரிட்டனும் ஒரே தேர்தல் முறையைப் பின்பற்றுகின்றன. தொகுதியில் யார் முதலிடமோ அவருக்கே இடம். இரண்டாவது வந்தவருக்கு விழுந்த வாக்குகள் வேறு எங்கேயும் கணக்கில் சேராது.

இதன் விளைவை எண்களில் பாருங்க:

• பிரிட்டன், 2024: லேபர் சுமார் 34% வாக்குகளுடன் 650-ல் 411 இடங்களைப் பெற்றது. ரிஃபார்ம் யுகே 14% வாங்கியும் 5 இடங்கள்தான். அதைவிடக் குறைவாக 12% வாங்கிய லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 72 இடங்கள்.

• கர்நாடகம், 2018: காங்கிரஸுக்கு சுமார் 38% வாக்குகள், பாஜகவுக்கு 36%. ஆனால் அப்போது வாக்குப்பதிவு நடந்த 222 தொகுதிகளில் பாஜக 104, காங்கிரஸ் 78.

• தமிழ்நாடு, மக்களவை 2024: திமுக கூட்டணிக்கு சுமார் 47% வாக்குகள். இடங்கள் 39-க்கு 39.

மொத்த வாக்கு எவ்வளவு என்பதைவிட அது எங்கே விழுந்தது என்பதுதான் இடங்களைத் தீர்மானிக்கிறது. பிரிட்டன் வாக்காளர்கள் இதை நல்லாவே புரிஞ்சு வச்சிருக்காங்க. தனக்குப் பிடித்த கட்சி தன் தொகுதியில் மூன்றாவது இடம்தான் பிடிக்கும் என்று தெரிந்தால், பிடிக்காத கட்சியைத் தோற்கடிக்கக்கூடிய இரண்டாவது கட்சிக்கு வாக்களிப்பது அங்கே சகஜம். அது சரியா தவறா என்பது உங்க முடிவு. ஆனால் உங்க தொகுதியில் போன தேர்தலில் முதல் மூன்று இடங்கள் யாருக்கு, வித்தியாசம் எவ்வளவு என்று தெரியாமல் அந்த முடிவை எடுக்க முடியாது.

சரி, என் தொகுதி எது? ஊரா, பெங்களூரா?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950 இதற்குப் பதில் சொல்கிறது. நீங்க 'வழக்கமாக வசிக்கும்' இடம்தான் உங்க தொகுதி. ஊரில் சொந்த வீடு இருப்பதால் மட்டும் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டீர்கள். அதே சமயம், தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டும் அந்தத் தகுதி போய்விடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

ஆறு மாத புராஜெக்ட்டுக்கு வந்திருந்தால் ஊர் ஓட்டு ஊரிலேயே இருக்கட்டும். ஆறு வருஷமாக மாரத்தஹள்ளியில் குடியிருந்தால், பிள்ளையை இங்கே பள்ளியில் சேர்த்திருந்தால், நேர்மையான பதில் பெங்களூருதான். இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருக்கக் கூடாது. விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

'அப்படியே விட்டுடலாமே, யார் பார்க்கப் போறா?' என்று நினைத்தவர்களுக்கு 2025 ஒரு பாடம். தமிழ்நாட்டில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இடம் மாறியவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள். ஊரில் பெயர் போய், இங்கேயும் சேர்க்காமல் இருந்தால், நீங்க எந்தக் கட்சியை எப்படி எடை போட்டாலும் பலன் இல்லை.

பெங்களூருக்கு மாத்திட்டா என்ன மாறும்?

2024 மக்களவைத் தேர்தலில் கர்நாடகம் முழுக்க சுமார் 70% வாக்குகள் பதிவாகின. பெங்களூரு வடக்கு, மத்தி, தெற்கு மூன்றிலும் 55 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. பதிவு செய்த வாக்காளர்களிலேயே கிட்டத்தட்ட பாதிப் பேர் வராத நகரம் இது. வருகிறவர்களின் வாக்குக்கு இங்கே எடை அதிகம்.

யார் எதற்குப் பொறுப்பு என்பதும் தெளிவா இருக்கணும். வருமான வரி, ரயில்வே எல்லாம் மக்களவைத் தேர்தலில் கேட்க வேண்டிய கேள்விகள். காவல்துறை, மின் கட்டணம், அரசு பஸ் எல்லாம் சட்டமன்றத் தேர்தலுக்கு. தெருக்குழி, குப்பை, வார்டு சாலை எல்லாம் மாநகராட்சிக்கு. இதில் கடைசிதான் பரிதாபம். பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்கள் இல்லாமலே நகரம் ஓடியது. 2025-ல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. ஆக, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் எந்தக் கட்சியைக் கேட்பது என்பதே இங்கே குழப்பம்.

கட்சியைப் பார்க்கணுமா, வேட்பாளரையா?

'ஆள் நல்லவர், கட்சிதான் சரியில்லை' என்று சொல்லாத தேர்தலே இல்லை. இதில் இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

2024 ஜூலையில், இரண்டு குழந்தைகளுக்கு மேல் உள்ள குடும்பங்களுக்கான உதவித்தொகை வரம்பு பற்றிய வாக்கெடுப்பில் லேபர் எம்.பி.க்கள் ஏழு பேர் சொந்தக் கட்சியின் அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். கட்சிக் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆனால் எம்.பி. பதவி போகவில்லை. இங்கே கொறடா உத்தரவை மீறினால், 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். அவையில் பொத்தானை அழுத்துவது உங்க நல்ல வேட்பாளரின் விரல்தான். ஆனால் எந்தப் பொத்தான் என்று சொல்வது கட்சி. அதனால் சட்டம், வரி, பட்ஜெட் விஷயங்களில் கட்சிக்கு அதிக எடை கொடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

அதற்காக வேட்பாளரைப் பார்க்காமலும் விட முடியாது. ஒயிட்ஃபீல்டு பக்கம் போகிறவர்கள் தினமும் கடக்கும் கே.ஆர்.புரம் தொகுதியை எடுத்துக்கோங்க. 2018-ல் அங்கே காங்கிரஸ் சார்பில் வென்றவர் பைரதி பசவராஜ். 2019 ஜூலையில் காங்கிரஸ், மஜத எம்.எல்.ஏ.க்கள் பலர் ராஜினாமா செய்ய, குமாரசாமி ஆட்சி கவிழ்ந்தது. 17 பேர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். தகுதிநீக்கம் செல்லும், ஆனால் மறுபடி போட்டியிடலாம் என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில் 15 தொகுதிகளில் இடைத்தேர்தல். பாஜக 12-ல் வென்றது. கே.ஆர்.புரத்தில் வென்றது அதே பசவராஜ், இந்த முறை பாஜக வேட்பாளராக.

ஒன்றரை வருஷத்தில் ஆள் அதே, கட்சி வேறு. 2018-ல் கட்சியைப் பார்த்து வாக்களித்தவர்கள் ஏமாந்தார்கள். ஆளைப் பார்த்து வாக்களித்தவர்கள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். நீங்க இதில் எந்த ரகம் என்பதை முன்கூட்டியே முடிவு பண்ணிக்கோங்க.

வாக்குறுதிகளை எப்படி எடை போடுறது?

பிரிட்டனில் தேர்தல் அறிக்கை வந்த சில நாட்களில் இன்ஸ்டிடியூட் ஃபார் ஃபிஸ்கல் ஸ்டடீஸ் போன்ற ஆய்வு நிறுவனங்கள் 'இதற்குப் பணம் எங்கே?' என்று கணக்குப் போட்டுக் கேட்டுவிடும். இங்கே அந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனதற்குக் காரணமே தமிழ்நாடுதான். இலவச டிவி, மிக்ஸி, கிரைண்டர் வாக்குறுதிகள் தொடர்பான வழக்கில், 2013-ல் உச்ச நீதிமன்றம் தேர்தல் அறிக்கைகளுக்கு விதிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. வாக்குறுதிக்கான பணத்துக்கு என்ன வழி என்று கட்சிகள் பொதுவாகவாவது குறிப்பிட வேண்டும் என்பது அந்த விதிமுறைகளில் ஒன்று.

கர்நாடகத்தில் 2023-ல் காங்கிரஸ் கொடுத்த ஐந்து உத்தரவாதங்களில் இதைப் பொருத்திப் பாருங்க. மூன்று கேள்விகள் போதும்.

1. செலவு எவ்வளவு? 2024-25 பட்ஜெட்டில் ஐந்துக்கும் சேர்த்து சுமார் 52,000 கோடி ரூபாய். மொத்த பட்ஜெட் 3.71 லட்சம் கோடி. அதாவது 100 ரூபாயில் 14 ரூபாய்.

2. சொன்னபடி நடந்ததா? பெண்களுக்கு இலவச பஸ் 2023 ஜூனிலேயே தொடங்கியது. ஆனால் அன்னபாக்யாவில் கூடுதல் 5 கிலோ அரிசி கிடைக்காமல், நீண்ட காலம் கிலோவுக்கு 34 ரூபாய் வீதம் பணமாகத்தான் கொடுத்தார்கள்.

3. எனக்கு என்ன, மற்றவங்களுக்கு என்ன? 200 யூனிட் வரையிலான இலவச மின்சாரம் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் பொருந்தும். உங்க கரண்ட் பில்லில் பூஜ்யம் வருவதும், உங்க வீட்டில் வேலை செய்யும் அக்கா காசில்லாமல் பஸ்ஸில் வருவதும், மிச்சப்பட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய ஒரு மேம்பாலமும் ஒரே தராசில்தான் வரணும். எது கனம் என்பது உங்க மதிப்பீடு.

வேட்பாளர் விவரம் எங்கே கிடைக்கும்?

2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு ஒவ்வொரு வேட்பாளரும் வழக்கு, சொத்து, கடன், கல்வி விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் கொடுத்தே ஆக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அது கிடைக்கும். ஏடிஆர் அமைப்பின் மைநேதா தளம் அதையே எளிதாகத் தொகுத்துத் தருகிறது. குற்ற வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியே காரணம் வெளியிட வேண்டும் என்பது 2020 தீர்ப்பு. எம்.பி.க்களின் வருகை, கேட்ட கேள்விகள் பற்றிய விவரம் பிஆர்எஸ் தளத்தில் இருக்கு.

லண்டனுக்குப் போன நண்பருக்கு?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் என்பதால், செல்லுபடியாகும் விசாவுடன் பிரிட்டனில் வசிக்கும் இந்தியர்கள் அந்நாட்டுப் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். வாக்குச்சாவடியில் இந்திய பாஸ்போர்ட்டையே அடையாளமாகக் காட்டலாம். தபால் ஓட்டும் உண்டு. அதே நண்பர் வெளிநாடு வாழ் வாக்காளராக படிவம் 6ஏ மூலம் ஊரில் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் வாக்களிக்க நேரில்தான் வர வேண்டும். பெங்களூருல இருக்கிற உங்க நிலைமையும் கிட்டத்தட்ட அதேதான். விமானத்துக்குப் பதில் மடிவாளாவிலிருந்து ஒரு ராத்திரி பஸ்.

இப்போ என்ன செய்யலாம்?

• தேர்தல் ஆணையத்தின் செயலியிலோ 1950 என்ற எண்ணிலோ உங்க பெயர் எங்கே இருக்கு, இருக்கா என்று பாருங்க.

• இங்கே மாற்றுவதாக இருந்தால் படிவம் 8. பெயரே இல்லை என்றால் படிவம் 6. முகவரிக்கு ஆதார், வங்கிப் புத்தகம், பாஸ்போர்ட், கரண்ட் பில், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இவற்றில் ஒன்று. பெங்களூருல வழக்கமாகப் போடுகிற 11 மாத நோட்டரி ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டது இல்லை என்பதை மறந்துடாதீங்க.

• ஊரிலேயே வாக்களிப்பதாக இருந்தால், அங்கே வாக்குப்பதிவு நடக்கும் நாளில் சம்பளத்துடன் விடுமுறை கேட்கலாம். வேலை செய்யும் இடம் தொகுதிக்கு வெளியே இருந்தாலும் அந்த உரிமை உண்டு என்று தேர்தல் ஆணையம் தெளிவுபடுத்தியிருக்கு. எச்.ஆருக்கு முன்கூட்டியே மெயில் போடுங்க.

கர்நாடக சட்டமன்றத்துக்கு 2028-ல் தேர்தல் வர வேண்டும். மக்களவைக்கு 2029. பிரிட்டனுக்கும் 2029 ஆகஸ்ட்டுக்குள். எந்தக் கட்சி என்று யோசிக்க இன்னும் நேரம் இருக்கு. தொகுதியை முடிவு பண்ண பத்து நிமிஷமும் ஒரு முகவரிச் சான்றும் போதும். அதை இந்த வாரமே முடிச்சிடுங்க.