டாக்காவில் தோன்றிய வாசிப்பு முறை

நம் தேசத்தில் ஆங்கிலக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் ஆங்கிலக் கல்வியை வற்புறுத்திய 1835-ஆம் வருஷத்து மெக்காலேயின் குறிப்பை விஸ்தாரமாக விவாதிப்பார்கள். ஆனால் அக்குறிப்பின் பயனாக எழுந்த பள்ளிக்கூடங்களில், அந்நிய பாஷைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்த சிறுவனுக்கு அதில் என்ன விளங்கிற்று என்பதை விசாரிக்க அவர்கள் நிற்பதில்லை. அதைப் பொறுமையோடு விசாரித்தவர்களுள் முதன்மையாக நான் மதிப்பவர், டாக்கா நகரத்து ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராயிருந்த மைக்கேல் வெஸ்ட்.

இந்தியக் கல்விச் சேவையைச் சேர்ந்த ஆங்கிலேயர் அவர். ஆளும் கூட்டத்தாருள் ஒருவர் என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும், வங்காளத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பை முடிக்குமுன்பே பள்ளியை விட்டுவிடுகிறார்கள் என்ற உண்மையை முன்னிறுத்தி, இடையில் நின்றுவிடும் பிள்ளைக்கும், காப்பீட்டுப் பத்திரத்தை நடுவில் ஒப்படைத்தவனுக்குக் கிடைக்கும் தொகையைப்போல, ஏதேனும் ஒரு பிரயோஜனம் மிஞ்ச வேண்டுமென்று அவர் வாதித்ததில் உண்மையான பரிவு இருந்தது. அரைகுறையாகப் பேசக் கற்றவன் கிராமத்துக்குத் திரும்பினால் அப்பேச்சு மறந்துபோகும். வாசித்துப் பொருள் கொள்ளக் கற்றவனோ உபாத்தியாயர் இல்லாமலே மேற்கொண்டு கற்பான். ஆகவே வாசிப்பே முதலில் வரவேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். 1926-இல் வெளியான, வங்காளத்தை ஆதாரமாகக் கொண்ட இருமொழி பற்றிய நூலில் இதை நிலைநாட்டினார்.

வழக்கிலிருந்த பாடநூல்களைப் பரிசோதித்தபோது, புதுச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு வருவதையும், அவற்றுட் பல வாழ்க்கையில் அபூர்வமாகவே வழங்குபவை என்பதையும் கண்டார். அமெரிக்க உளவியலறிஞர் தார்ன்டைக் 1921-இல் வெளியிட்ட 10,000 சொற்களின் பட்டியலைத் துணைக்கொண்டு, அரிய சொல்லை நீக்கி எளியதை வைத்து, ஒரு புதுச் சொல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே பழகிய சொற்களைப் போதிய அளவு பரப்பி, கதைகளைத் திருத்தி எழுதினார். அவ்வாறு பிறந்தவையே லாங்மன்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட ‘நியூ மெத்தட்’ வாசகங்கள்.

இதனினும் சிறப்பாக எனக்குத் தோன்றுவது, பாடத்தை வாசிக்குமுன்பே கேள்விகளைக் கொடுத்துவிடும் அவருடைய ஏற்பாடு. ஒருவன் எழுந்து உரக்க வாசிக்க மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக, வகுப்பிலுள்ள ஒவ்வொருவனும் விடையைத் தேடி மௌனமாகத் தனக்கென்று வாசிக்க வேண்டியதாயிற்று. தேடுவதற்கு ஒரு பொருள் இருந்தமையால் கண் வெறும் எழுத்துகளின்மேல் ஓடி நிற்காமல், அர்த்தத்தைப் பற்றிச் சென்றது.

டோக்கியோவில் ஆங்கில போதனைத் துறையில் பணியாற்றிய ஹெரால்ட் பாமர், வெஸ்டுக்கு மாறாக, பேச்சே அஸ்திவாரம் என்ற கொள்கையினர். எனினும், சொற்களைத் தெரிந்தெடுக்கும் காரியத்தில் இருவரும் 1934-இல் நியூயார்க் மாநாட்டில் ஒன்றுகூடினர். அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாகச் சுமார் 2,000 சொற்கள் கொண்ட பட்டியலை வெஸ்ட் 1953-இல் பதிப்பித்தார். அதன்பிறகும் நெருக்கடியான வகுப்பறைகளை அவர் மறந்தாரில்லை. ஒரு தொடரைக் கண்ணால் வாசித்து, தலைநிமிர்ந்து, புத்தகத்தைப் பாராமல் எதிரிலிருப்பவனிடம் அதைச் சொல்லும் பயிற்சியை, அத்தகைய வகுப்புகளுக்கென்றே 1960-இல் எழுதிய நூலில் விளக்கினார்.