இரைப்பையும் ஈரலும்: இழையம் காண்போர் மீண்டுங் கற்ற வரலாறு

கல்வி பட்டம் பெற்ற நாளோடு முற்றுப்பெறுவது என்று கருதுவார் பலர். ஏனைத் துறைகளில் அக்கருத்தால் விளையுந் தீங்கு சிறிதாயிருத்தல் கூடும். மருத்துவத்திலோ அது நோயாளரின் உயிரோடு தொடர்புடையது. உடலினின்று எடுத்த சிறு இழையத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கி நோயின் பெயரைத் துணிந்து கூறும் நோயியல் என்னுந் துறையில், கற்றவர் மீண்டுங் கற்க நேர்ந்த வரலாறு சாலவுஞ் சிந்திக்கத்தக்கது. இரைப்பை, ஈரல் என்னும் இரண்டுறுப்புக்களை எடுத்துக்கொண்டு அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

இத்துறையின் மூலநூல்களுள் ஒன்று தோன்றிய விதமே இதற்குச் சான்றாகும். 1858 ஆம் ஆண்டில் பேர்லின் நகரிலே உருடோல்பு வீர்க்கோ என்னும் பேராசிரியர் இருபது விரிவுரைகள் நிகழ்த்தினார். நோய் என்பது உடலின் கலங்களில் நிகழும் மாற்றமே என்பது அவற்றின் சாரம். கேட்க வந்தோருட் பெரும்பாலார் மாணாக்கரல்லர். அந்நகரில் முன்னரே தொழில் நடத்திவந்த மருத்துவராவர். அவ்விரிவுரைகளே அவ்வாண்டில் நூலாக வெளிவந்து மருத்துவ உலகின் நோக்கை மாற்றின.

எனினும் அதன்பின் நூறாண்டளவும் இவ்வுறுப்புக்களின் இழையங்களை அறிஞர் பெரும்பாலும் பிணச்சோதனையிலும், சத்திரசிகிச்சையில் வெட்டியகற்றிய பகுதிகளிலுமே கண்டனர். இரைப்பையின் உட்பரப்பு இறப்பின் பின் விரைவிற் சிதையுமாதலின், பிணச்சோதனையிற் கண்டது உயிருள்ளபோது இருந்த நிலையன்று. 1957 இல் பசில் ஹேர்ஷோவிற்சு கண்ணாடி நாரினாலான வளையும் இரைப்பைகாட்டியைக் கையாண்டு புதுவழி வகுத்தார். 1958 இல் இத்தாலிய மருத்துவர் மெங்கினி, ஒரு கணப்பொழுதில் ஈரலின் துணுக்கை எடுக்கும் ஊசிமுறையை வெளியிட்டார். இவற்றின் பயனாக உயிருள்ளோரின் இழையத் துணுக்குக்கள் நோயியலறிஞரிடம் மிகுதியாக வரலாயின. பிணச்சோதனையிற் பயின்ற கண்கள் சிறு துணுக்கைப் படிக்கப் புதிதாகப் பழகவேண்டியவாயின.

இரைப்பையிற் கடுமையான அமிலஞ் சுரத்தலின் அங்கே நுண்ணுயிர் நிலைபெற்று வாழாது என்பது அக்காலத்துத் துணிபு. 1893 இல் பிற்சொசெறோ என்னும் இத்தாலிய அறிஞர் நாய்களின் இரைப்பையிற் சுருள்வடிவ நுண்ணுயிர்களைக் கண்டு எழுதியிருந்தார். ஆயினும் 1954 இல் பாமர் என்னும் அமெரிக்க மருத்துவர் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் இரைப்பை இழையத்தை ஆராய்ந்து, அத்தகைய உயிர் எதனையுங் காணாராயினார். அவர் கையாண்ட சாயம் அவற்றை நன்கு புலப்படுத்தாமையே அதற்குக் காரணம். 1979 இல் அவுஸ்திரேலியாவின் ரோயல் பேர்த்து மருத்துவமனையில் ரொபின் வாறன் என்னும் நோயியலறிஞர், அழற்சியுற்ற துணுக்கொன்றில் அந்நுண்ணுயிர்களைக் கண்டு, வெள்ளிச் சாயமேற்றி உறுதிப்படுத்தினார். 1981 இல் பரி மார்சல் என்னும் இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். 1982 இல் ஈஸ்ரர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுக்கள் வழக்கத்தினும் நீண்ட நாள் விடப்பட்டமையின் அவ்வுயிர் வளர்ந்து வெளிப்பட்டது. 1984 இல் மார்சல் அதனைத் தாமே பருகி இரைப்பையழற்சி உற்றார்.

மனக்கவலையும் அமிலமிகுதியுமே புண்ணுக்குக் காரணமெனக் கொண்ட காலத்தில் நோயாளர் ஆண்டுக்கணக்கில் மருந்துண்டும், சிலர் இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தும் வருந்தினர். 1994 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங் கூட்டிய அறிஞரவை, இந்நுண்ணுயிர் உள்ள புண்ணாளருக்கு அதனைக் கொல்லும் மருந்து கொடுத்தல் வேண்டுமென முடிவு கூறியது. 2005 இல் வாறனும் மார்சலும் நோபற் பரிசு பெற்றனர்.

ஈரலின் வரலாறு வேறுவகையானது. 1968 இல் ஐரோப்பிய நோயியலறிஞர் பலரும் நியூயோர்க்கிலிருந்த ஹான்ஸ் பொப்பரும் ஒன்றுகூடி, நாட்பட்ட ஈரலழற்சியை இரு வகையாக வகுத்தனர். அழற்சி தன் எல்லைக்குள் அடங்கிநிற்பது ஒன்று. எல்லை கடந்து ஈரற் கலங்களை அரித்துச் செல்வது மற்றையது. முன்னையது பெரும்பாலும் தீங்கற்றதெனக் கொள்ளப்பட்டது. பல நாட்டாரும் ஒரே சொல்லால் ஒரே பொருளைக் குறிக்க இப்பாகுபாடு பேருதவியாயிற்று.

ஆனால் நோயின் காரணங்கள் அப்போது தெளிவாகவில்லை. புளூம்பேர்க்கு 1965 இல் வெளியிட்ட கண்டுபிடிப்பின் வழியாக ஈரலழற்சி பீ வைரசும், 1989 இல் சீ வைரசும் அறியப்பட்டன. நோயாளரைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கியபோது, ஒருவகை மற்றையதாக மாறுதலும், தீங்கற்றதென எண்ணியது சிலரில் ஈரலைத் தழும்பேற்றிச் சுருங்கச் செய்தலும் புலனாயின. ஆகவே 1994 இல் அப்பழைய பெயர்கள் கைவிடப்பட்டன. நோயின் காரணம், அழற்சியின் கடுமை, தழும்பின் அளவு என்னும் மூன்றையும் தனித்தனியே கூறுதல் வேண்டுமென்பது புதிய விதி. 'தீங்கற்றது' என்னும் ஒரு சொல்லை நம்பி ஒரு நோயாளர் மருத்துவமின்றி விடப்படும் இடர் இதனாற் குறைந்தது.

ஈண்டுக் கருதத்தக்க செய்தியொன்றுளது. 1968 இல் அப்பாகுபாட்டை வகுத்தோருள் டெஸ்மெற், ஷோயர் என்னும் இருவர், 1994 இல் அதனைத் திருத்தியோருள்ளும் இருந்தனர். தாம் நிறுவியதும் பிறர்க்குக் கற்பித்ததுமாகிய ஒன்றைப் புதிய சான்றுகள் தோன்றியபோது தாமே மாற்றுதற்கு அவர் பின்வாங்கவில்லை. பாடஞ் சொல்லும் தொழிலையுடைய எம்மனோர்க்கும், நாளை மருத்துவராகப் போகும் எம் மாணவர்க்கும் இவ்வரலாற்றிற் சிறந்த பகுதி இதுவேயாகும்.