கரும்பலகை தெரியாத பிள்ளை

பெரணமல்லூர், ஆரணி வட்டாரத் தறி வீடுகளில் அறுந்த பட்டு இழையைத் தேடி முடிச்சுப் போடும் பிள்ளைக்குப் பார்வைக் குறை இருக்கும் என்று நாம் நினைப்பதில்லை. ஆனால் கிட்டப்பார்வை உள்ளவருக்கு அருகில் இருப்பது தெளிவாகவே தெரியும். மைனஸ் 2 பவர் என்றால் அரை மீட்டருக்கு அப்பால் மங்கல்தான். கரும்பலகை தெரியாமல் மதிப்பெண் குறையும். நாமோ 'படிப்பில் கவனமில்லை' என்று திட்டுவோம்.

சீனக் கிராமப்புறங்களில் இலவசக் கண்ணாடி பெற்ற மாணவர்களின் கணித மதிப்பெண் உயர்ந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. தமிழகத்திலும் பள்ளி மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி வழங்கும் 'கண்ணொளி காப்போம்' திட்டம் 2009இல் தொடங்கப்பட்டது.

கண்ணாடி அணிந்தால் பவர் கூடிவிடும் என்பது தவறான எண்ணம். திருமணப் பேச்சுக்குத் தடை என்று பெண் பிள்ளையின் குறையை மறைப்பதும் அநீதி. வளரும் வயதில் பவர் மாறும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிப்போம்.