லீன்னா எந்த லீ?

நடுவர் அவர்களே! "பேரோட வாலைப் பார்த்தாலே வம்சம் தெரிஞ்சிடும்"னு எதிரணி நண்பர் அடிச்சுச் சொல்லிட்டுப் போனார். நான் கேட்கிறேன், 'லீ' என்ன வம்சம்?

புரூஸ் லீயின் 'லீ' சீன மொழியில் பிளம்ஸ் மரம். 618 முதல் 907 வரை ஆண்ட தாங் அரசர்களின் குடும்பப்பேர் அது. போரில் உதவிய வேற்றினத் தளபதிகளுக்கும் அதைப் பரிசாகக் கொடுத்தார்கள்! கொரியாவிலும் அதே எழுத்துதான். 1392 முதல் 1910 வரை அரசாண்ட குடும்பம்.

ஆனால், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் தளபதியாக இருந்த ராபர்ட் லீயின் பேர், பழைய ஆங்கிலச் சொல். காட்டுக்கு நடுவே உள்ள திறந்தவெளி என்று பொருள்.

ஒண்ணு மரம், இன்னொண்ணு மரமில்லாத இடம்! இதில் ரத்தம் எங்கேய்யா வந்தது? பேர் கூப்பிடறதுக்கு, பொண்ணு கொடுக்கவும் வீடு கொடுக்கவும் ஆளைப் பாருங்க!