அழுகைக்கு மார்க் போட்ட நர்சுகள்

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவரிடம் "வலி பத்துக்கு எத்தனை?" என்று நர்ஸ் கேட்பார். ஏழு என்றோ மூன்று என்றோ சொல்லிவிடலாம். பிறந்து பத்து நாள் ஆன குழந்தையிடம் என்னத்தைக் கேட்பது?

டாக்டர்கள் ரொம்ப காலம் இதற்குச் சுலபமாக ஒரு பதில் வைத்திருந்தார்கள். பச்சைக் குழந்தைக்கு வலியே தெரியாதாம்! நரம்பைச் சுற்றிய உறை முழுதாக வளரவில்லை, அழுவதெல்லாம் வெறும் அனிச்சைச் செயல் என்றார்கள். 1941-ல் மிர்டில் மெக்ரா 75 குழந்தைகளை ஊசியால் குத்திப் பார்த்து எழுதிய கட்டுரையை ஆதாரமாகக் காட்டினார்கள். (பெற்றவளைக் கேட்டிருந்தால் ஒரே நிமிஷத்தில் சொல்லியிருப்பாள்.) மயக்க மருந்தைப் பிஞ்சு உடம்பு தாங்காதே என்ற பயமும் இருந்தது. அது நியாயமான பயம்தான். ஆனால் விளைவு? 1980-கள் வரை குறைமாதக் குழந்தைகள் பலருக்கு, தசையை அசையவிடாத மருந்தும் நைட்ரஸ் ஆக்ஸைடும் மட்டும் கொடுத்து நெஞ்சைத் திறந்தார்கள். அசைய முடியாத குழந்தை அழாது. அழாததால் வலி இல்லை!

இதை உடைத்தவர் கன்வல்ஜீத் ஆனந்த். நான் இப்போது குப்பை கொட்டும் இதே இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு போனவர். இதயத்துக்குப் பக்கத்தில் மூடாமல் இருக்கும் ரத்தக்குழாயைக் கட்டும் ஆபரேஷனில், சில குறைமாதக் குழந்தைகளுக்கு மட்டும் கூடுதலாக ஃபென்டனில் என்ற வலி மருந்தையும் கொடுத்துப் பார்த்தார். அது கிடைக்காத குழந்தைகளின் ரத்தத்தில் அதிர்ச்சி ஹார்மோன்கள் எகிறின. ஆபரேஷனுக்குப் பின் சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். 1987-ல் 'லான்செட்'டில் இது வந்தது. குழந்தை என்பதற்காக மயக்க மருந்தை மறுக்கக்கூடாது என்று அதே வருடம் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் சொன்னது.

சரி, ஆபரேஷனுக்கு அப்புறம்? ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டில் பக்கத்தில் நிற்பது நர்ஸ்தானே. மருந்து வேண்டுமா, போதுமா என்று அவர் எதை வைத்து டாக்டரிடம் சொல்வது? 1995-ல் ஒரு மயக்க மருந்து டாக்டரும் ஜூடித் பில்ட்னர் என்ற நர்சும் சேர்ந்து 'கிரைஸ்' என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். 1997-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து நர்ஸ் சாண்ட்ரா மெர்க்கெலும் சகாக்களும் கொடுத்தது 'ஃப்ளாக்'. முகம், கால், உடல் அசைவு, அழுகை, சமாதானம் ஆகிறதா என்று ஐந்து விஷயம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மார்க், மொத்தம் 10. தூக்கித் தட்டிக்கொடுத்தால் அடங்குகிறதா என்பதும் ஒரு மருத்துவக் குறிப்பாகிவிட்டது, பாருங்கள்!

ஓட்டை இல்லாமல் இல்லை. பசித்தாலும் குழந்தை அழும், காலை உதைக்கும். தொண்டையில் குழாய் இருந்தால் அழுகைச் சத்தமே வராது. மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வலியோ இந்தக் கட்டங்களுக்குள் அடங்காது. அதனால் 2006-ல் வந்த திருத்திய 'ஃப்ளாக்'கில், தன் குழந்தை வலித்தால் என்ன செய்யும் என்று பெற்றோர் சொல்வதை எழுதிக்கொள்ளவும் இடம் விட்டார்கள்.

பெற்றவளைக் கேட்க 65 வருடம் ஆகியிருக்கிறது.